ஒரே கப்பலில் அடுத்தடுத்து இரண்டு பயணங்களை முன்பதிவு செய்யலாமா?

அடுத்த கோடையில் தம் பெற்றோர் கனடாவின் வான்கூவருக்கு வரவிருப்பதாகவும், அவர்களை அலாஸ்கா கப்பல் பயணத்துக்கு அனுப்ப ஏழு இரவுப் பயணங்கள் இரண்டை ஒரே கப்பலில் தொடர்ச்சியாகப் பதிவு செய்யலாமா, அதில் சிக்கல் ஏதும் உண்டா என்றும் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் சியாட்டிலுக்கு அருகில் இருப்பதால், நானும் என் மனைவியும் இரண்டு முறை இவ்வாறு சென்று வந்திருக்கிறோம். ஒரு முறை அலாஸ்காவுக்கு, அதற்கு அடுத்த குளிர்காலத்தில் ஃப்ளோரிடாவிலிருந்து கரீபியன் தீவுகளுக்கு. தாராளமாகச் செய்யலாம் என்பதே என் பதில். ஆனால் பதிவு செய்வதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். நமக்கு அது ஒரே நீண்ட பயணமாகத் தோன்றும். கப்பல் நிறுவனத்தின் கணக்கில் அது ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு பயணங்கள். அமெரிக்கச் சட்டத்தின் கண்ணிலோ அது மறுபடியும் ஒரே பயணம். நாங்கள் பட்ட சிரமங்கள் எல்லாம் இந்த மூன்று கணக்குகளும் ஒத்துப்போகாததால் வந்தவைதான்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் முதல் பதிவு அதனால்தான் ரத்தானது. வசந்த காலத்தில் கப்பல்கள் கலிபோர்னியாவிலிருந்து அலாஸ்கா பருவத்துக்காக வடக்கே இடம் மாறும்போது, அந்த ஓட்டத்தையும் குறைந்த கட்டணத்தில் விற்பார்கள். லாஸ் ஏஞ்சலீஸிலிருந்து வான்கூவர் வரை அவ்வாறு ஒரு பயணம், அதே கப்பலில் வான்கூவரிலிருந்து அலாஸ்காவின் சீவார்டு வரை அடுத்த பயணம் என்று இரண்டையும் ஒரு முகவர் மூலம் பதிவு செய்தோம். பணம் கட்டியாயிற்று, உறுதிச் சீட்டுகளும் வந்துவிட்டன. ஐந்து வாரம் கழித்து, இந்த இரண்டு பயணங்களையும் சேர்த்துச் செய்ய உங்களை அனுமதிக்க இயலாது, ஒன்றை ரத்து செய்யுங்கள் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. தனித்தனியாக இரண்டும் சட்டப்படி சரியானவை. சேர்த்துப் பார்த்தால் தவறு.

காரணம் 1886-ஆம் ஆண்டு அமெரிக்கா இயற்றிய பயணிகள் கப்பல் சேவைச் சட்டம். ஓர் அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறியவரை வேறோர் அமெரிக்கத் துறைமுகத்தில் கொண்டுபோய் இறக்கும் உரிமை அந்நாட்டுக் கப்பல்களுக்கே உண்டு என்று அது சொல்கிறது. இன்றைய பெரிய சொகுசுக் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, பெர்முடா, மால்டா போன்ற நாடுகளில் பதிவு செய்யப்பட்டவை. அவை இவ்வாறு ஒருவரை ஏற்றி இறக்க வேண்டுமானால் நடுவில் ஒரு தொலைதூர அயல்நாட்டுத் துறைமுகத்தைத் தொட்டாக வேண்டும்; கனடா, மெக்சிகோ துறைமுகங்கள் எல்லாம் அருகாமைத் துறைமுகங்கள் என்ற வகையில் அடங்கிவிடுவதால் அவை கணக்கில் வராது. எனவே வான்கூவரில் நாங்கள் இறங்கி ஊர் சுற்றி, காப்பி குடித்துவிட்டு அதே கப்பலில் ஏறினாலும், சட்டத்தைப் பொறுத்தவரை லாஸ் ஏஞ்சலீஸில் ஏறி சீவார்டில் இறங்கியவர்கள்தான். மீறினால் ஒவ்வொரு பயணிக்கும் நூற்றுக்கணக்கான டாலர் அபராதம். அதை நிறுவனம் நம் தலையில்தான் கட்டும். முன்பணம் முழுவதும் திரும்பி வந்துவிட்டது. லாஸ் ஏஞ்சலீஸுக்கு எடுத்திருந்த விமானச் சீட்டுக்கான பணம் மட்டும் போனது போனதுதான்.

ஏறிய துறைமுகத்திலேயே திரும்ப வந்து இறங்கினால் சட்டம் இவ்வளவு கடுமையாக இல்லை. நடுவில் ஏதேனும் ஓர் அயல்நாட்டுத் துறைமுகத்தைத் தொட்டால் போதும். சியாட்டிலிலிருந்து அலாஸ்கா சென்று திரும்பும் கப்பல்கள் கடைசி மாலையில் கனடாவின் விக்டோரியாவில் சில மணி நேரம் நின்றுவிட்டுப் புறப்படுவதன் பின்னணி இதுதான். பெருந்தொற்றுக் காலத்தில் கனடா தன் துறைமுகங்களை மூடியபோது இந்தச் சிறு நிறுத்தம்கூட இயலாமல் போனதால், அலாஸ்கா கப்பல்களுக்காக 2021-இல் அமெரிக்க நாடாளுமன்றம் தனியாக ஒரு தற்காலிகச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. உங்கள் பெற்றோரின் பயணம் வான்கூவரில் தொடங்கி, சீவார்டு சென்று, அதே கப்பலில் வான்கூவருக்குத் திரும்புவதாக இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை, ஏனெனில் இரண்டு முனைகளும் கனடாவில்தான் இருக்கின்றன. நாங்களும் கடைசியில் இதையே தேர்ந்தெடுத்தோம்.

அடுத்தது நிறுவனத்தின் கணக்கு. இரண்டு பயணங்களுக்கும் தனித்தனிப் பதிவு எண்கள், தனித்தனி ஏறுசீட்டுகள், ஒரு வார இடைவெளியில் தனித்தனி இறுதித் தவணை நாட்கள். முதல் பயணத்தை அவர்கள் ரத்து செய்தால் இரண்டாவதற்கான பணம் தானாகத் திரும்பி வரும் என்று நினைத்துவிட வேண்டாம். பயணக் காப்பீடு எடுக்கும்போது பதினான்கு இரவுகளும் அடங்குகின்றனவா, இரண்டு கட்டணங்களும் சேர்ந்த தொகைக்குக் காப்பீடு இருக்கிறதா என்று தேதி தேதியாகப் பாருங்கள். இணைய இணைப்பு, பானத் தொகுப்பு போன்றவற்றையும் இரண்டு முறை வாங்க வேண்டும். மகள் எங்களுக்குப் பரிசாகக் கப்பல் கணக்கில் ஒரு தொகை போட்டிருந்தாள்; அதில் 38 டாலர் மிச்சமிருந்தது. அது முதல் வாரத்தோடு காலாவதியாகிவிடும் என்பது சீவார்டுக்கு முந்தைய இரவுதான் தெரிந்தது. பத்து மணிக்குக் கடை மூடுவதற்குள் ஓடிப்போய் வாங்கிய திமிங்கலப் படம் போட்ட கம்பளித் தொப்பி இன்னும் எங்கள் வீட்டு அலமாரியில் கிடக்கிறது. கோயம்புத்தூரில் அதைப் போட்டுக்கொண்டு எங்கே போவது?

சாப்பாட்டிலும் இதே கதைதான். நாங்கள் சைவம். முதல் வாரம் தலைமைப் பரிமாறுநரிடம் சொல்லிவைத்திருந்ததால், முந்தைய இரவே என்ன வேண்டும் என்று கேட்டு, பருப்பும் காய்கறிக் குழம்பும் தனியாகச் செய்து தந்தார்கள். எட்டாம் நாள் இரவு மேசையில் உட்கார்ந்தால் வழக்கமான பட்டியலை நீட்டினார்கள். உணவுக் குறிப்பு பழைய பதிவு எண்ணோடு போய்விட்டிருந்தது. கோபப்பட அதில் ஒன்றுமில்லை, இரண்டாம் பதிவிலும் அதே குறிப்பை எழுதச் சொல்லியிருக்க வேண்டியது நாங்கள்தான். பட்டியலும் மேடை நிகழ்ச்சிகளும் ஏறக்குறைய அப்படியே திரும்ப வரும் என்பதையும் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என் மனைவிக்கு அதில் வருத்தமே இல்லை, இரண்டாம் வாரம் மாலைகளில் நிம்மதியாகப் புத்தகம் படித்தாள்.

அறையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரண்டு பயணங்களையும் ஒரே நாளில், ஒரே அறை எண்ணுக்குப் பதிவு செய்வதுதான் நல்லது. எண் எதுவென்று பிறகு நிறுவனமே ஒதுக்கும் மலிவு வகையை எடுத்தால் அறை மாறுவது ஏறக்குறைய உறுதி. ஃப்ளோரிடா பயணத்தில் அந்தச் சிக்கனத்தைச் செய்து பார்த்தோம். பெட்டியைக் கட்டி வைத்தால் போதும், தொங்கும் துணிகளை அப்படியே விட்டுவிடுங்கள் என்று அறைப் பணியாளர் சொன்னார். மறுநாள் காலை அவர் ஒரு நீளமான தள்ளுவண்டியின் கம்பியில் என் மூன்று சட்டைகளையும் மனைவியின் நான்கு சேலைகளையும் மாட்டி நடைபாதையில் தள்ளிக்கொண்டு போக, முந்தானைகள் ஆடியபடியே போவதை எதிரில் வந்த பயணிகள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். மனைவி எனக்குப் பின்னால் மறைந்துகொண்டாள். வயதானவர்களுக்கு மருந்து எங்கே, கண்ணாடி எங்கே என்று மறுபடியும் தேட வேண்டிய அலைச்சல் இது. கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் ஒரே அறையாக எடுத்துவிடுங்கள்.

ஒரு பயணம் முடிந்து அடுத்தது தொடங்கும் நாளின் நடைமுறை ஊருக்கு ஊர் மாறும். ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல் துறைமுகத்தில் எங்கள் முதல் வாரம் முடிந்தபோது, தொடர்ந்து பயணிப்பவர்கள் காலை ஒன்பதரை மணிக்குக் கடவுச்சீட்டுடன் ஒரு கூடத்தில் கூட வேண்டும் என்று முந்தைய இரவே கடிதம் வந்தது. அயல்நாட்டுத் தீவுகளிலிருந்து வந்த கப்பல் என்பதால், ஒரு பயணிகூட உள்ளே இல்லை என்று கணக்குத் தீரும் வரை புதியவர்களை ஏற்ற முடியாது. எனவே நாங்கள் நாற்பது பேரும் வரிசையாக இறங்கி, குடிவரவு அதிகாரியிடம் முகம் காட்டி, முனையத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்து, அறைச் சாவியாகவும் அடையாளமாகவும் பயன்படும் புதிய அட்டையுடன் மற்ற எல்லோருக்கும் முன்பாகத் திரும்ப ஏறினோம். அந்த ஒரு மணி நேரம் எனக்கு மறக்காது. நடைபாதை முழுவதும் இடுப்பு உயரத்துக்கு அழுக்கு விரிப்புகள் குவிந்திருந்தன, கிருமிநாசினி வாடை அடித்தது, மூவாயிரம் பேர் புழங்கும் உணவுக்கூடத்தில் ஒருவர் மட்டும் நாற்காலி மேல் நாற்காலியாக அடுக்கித் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சீவார்டில் இவ்வளவு இல்லை. அமெரிக்கக் குடிவரவுச் சோதனை வான்கூவரில் ஏறும்போதே முடிந்துவிட்டதால், அட்டையை மாற்றிக்கொண்டு கடல் உயிரினக் காட்சியகத்தைப் பார்த்துவிட்டு மதியத்துக்குள் திரும்பினோம். பாதுகாப்புப் பயிற்சியில் மட்டும் இரண்டாம் முறையும் கலந்துகொள்ளச் சொன்னார்கள். 2012-இல் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்த பிறகு, கப்பல் கிளம்புவதற்கு முன்போ கிளம்பிய உடனேயோ இதை நடத்த வேண்டும் என்று சர்வதேச விதியே இறுகிவிட்டது. முணுமுணுக்காமல் போய் நிற்பதே முறை.

ஒரே தடத்தில் போய்த் திரும்புவது அலுக்காதா என்று உங்கள் அப்பா கேட்கலாம். கரீபியனில் முதல் வாரம் கிழக்குத் தீவுகள், இரண்டாம் வாரம் மேற்குத் தீவுகள் என்று மாறிவிடும். அலாஸ்காவில் கெச்சிகன், ஜூனோ, ஸ்காக்வே என்று பெரும்பாலும் அதே ஊர்கள்தான் திரும்ப வரும், ஆனால் அங்கே அதுவே வசதி. ஸ்காக்வேயில் முதல் வாரம் வொயிட் பாஸ் மலை ரயிலில் ஏறினோம். தங்க வேட்டைக் காலத்தில் 1898-இல் தொடங்கி 1900-இல் முடித்த பாதை அது. இரண்டாம் வாரம் எந்தச் சுற்றுலாவுக்கும் பணம் கட்டாமல் ஊருக்குள் நடந்தே திரிந்தோம். வடக்கே போகும்போது கரை பெரும்பாலும் வலப்புறம், தெற்கே வரும்போது இடப்புறம் என்பதால், ஒரே அறையிலிருந்து ஒரு வாரம் மலையும் ஒரு வாரம் திறந்த கடலுமாகப் பார்க்கக் கிடைத்தது.

அங்கே வானிலையை நம்ப முடியாது என்பதுதான் எனக்கு முக்கியமான காரணம். கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு அதிகபட்சம் இரண்டு சொகுசுக் கப்பல்களைத்தான் அனுமதிக்கிறார்கள். உங்கள் கப்பலின் பயணத் திட்டத்தில் அது இரண்டு வாரமும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் முதல் வாரத்தில் பூங்காக் காவலர் ஒலிபெருக்கியில் மார்ஜரி பனியாற்றை விவரித்துக்கொண்டிருக்க, நாங்கள் மேல்தளத்தில் போர்வையைச் சுற்றிக்கொண்டு வெள்ளை மூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு வாரப் பயணிகள் அதோடு ஊர் திரும்பிவிட்டார்கள். இரண்டாம் வாரம் தெற்கு நோக்கி வந்தபோது வானம் தெளிந்திருந்தது. நீல நிறத்தில் ஒரு பனிச்சுவர் விரிசல் விட்டு, சத்தமே இல்லாமல் சரிந்து, தண்ணீரில் விழுந்து சற்று நேரம் கழித்தே இடிபோல் முழங்கியது. பக்கத்தில் நின்ற மனைவி, இதற்குத்தான் இரண்டு சீட்டு வாங்கினீர்களா என்று கேட்டாள்.

பதினான்கு நாளுக்கான மருந்தோடு மேலும் ஒரு வாரத்துக்கும் சேர்த்துக் கொடுத்தனுப்புங்கள், கப்பல் மருத்துவமனையின் கட்டணம் கையைக் கடிக்கும். பெற்றோர் இந்தியக் கடவுச்சீட்டில் வருவதாக இருந்தால், கனடா விசாவுடன் அமெரிக்க விசாவும் வேண்டும். இரண்டும் பலமுறை நுழையத்தக்கவையாக இருக்கட்டும்.