நாய், பூனைகளுக்கும் நம்மைப் போல மாரடைப்பு வருமா?

மிக மிக அரிது. நமக்கு மாரடைப்பு வருவது பெரும்பாலும் இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் கொழுப்பு படிந்து அடைத்துக்கொள்வதால். நாய்க்கும் பூனைக்கும் அந்தத் தமனிகள் அப்படி அடைபடுவதில்லை என்றே சொல்லலாம். அதற்காக அவற்றுக்கு இதய நோயே வராது என்று இருந்துவிடாதீர்கள். மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை, நான்கு வால்வுகள் என்று அமைப்பெல்லாம் நம்முடையதுதான். பழுதாகும் இடம்தான் வேறு. நாய்க்கு ஓரிடம், பூனைக்கு ஓரிடம்.

சிறிய இன நாய்களுக்கு வயதாக ஆக, இடப்பக்க அறைகளுக்கு நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வு தடித்து, ஓரம் சுருண்டு, சரியாக மூடாமல் போகிறது. கீழறை சுருங்கும்போதெல்லாம் ரத்தத்தில் ஒரு பகுதி திரும்ப மேலறைக்குள் பீறிடும். மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் ‘மர்மர்’ அந்தச் சத்தம்தான். நாய்களின் இதய நோயில் ஏறக்குறைய முக்கால் பங்கு இதுவே. டாபர்மேன், கிரேட் டேன் போன்ற பெரிய இனங்களில் இதயத் தசையே தளர்ந்து, அறைகள் விரிந்துவிடும். டாபர்மேன் நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கும்போதே சரிந்து இறந்துபோவதுண்டு. அந்த இனத்தை வளர்ப்பவர்கள் ஆண்டுதோறும் எக்கோவும் (இதயத்தின் ஸ்கேன்) 24 மணி நேர இசிஜியும் எடுப்பது நல்லது.

எங்கள் நாய்க்கு இருப்பது வால்வு நோய். மர்மர் உள்ள எல்லா நாய்க்கும் மருந்து தேவைப்படாது. எக்கோவில் இதயம் பெருத்திருப்பது தெரிந்த பிறகுதான் எங்கள் மருத்துவர் பிமோபென்டான் தொடங்கினார். அந்தக் கட்டத்தில் இந்த மருந்தைக் கொடுத்தால் இதயச் செயலிழப்பு ஏறத்தாழ 15 மாதம் தள்ளிப்போகிறது என்று 2016இல் வெளியான எபிக் ஆய்வு காட்டியது.

மருந்தோடு அவர் சொல்லித்தந்த இன்னொன்றை எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன்: தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். விலா ஒருமுறை ஏறி இறங்கினால் ஒரு மூச்சு. 30 விநாடி எண்ணி, இரண்டால் பெருக்க வேண்டும். கனவு கண்டு கால் உதறும்போது எண்ணக் கூடாது. அசந்து தூங்க வேண்டும். நிமிடத்துக்கு 30க்குள் இருந்தால் கவலையில்லை. எங்கள் நாய்க்கு எப்போதும் இருபதை ஒட்டியே இருக்கும். ஓர் இரவு நாற்பதைத் தாண்டியது. இருமலில்லை, சாப்பாட்டிலும் குறையில்லை. ஆனாலும் உடனே தூக்கிக்கொண்டு ஓடினோம். நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருந்தது. ஃபுரோசிமைடு ஊசி போட்டதும் சிறுநீராக நீர் வெளியேறி, மூச்சு மெல்ல அடங்கியது. விடியும்வரை காத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

பூனையிடம் இந்த எண்ணிக்கை இன்னும் முக்கியம், ஏனென்றால் அது எதையும் காட்டிக்கொள்ளாது. இதய நோயால் பூனை இருமுவது அபூர்வம். அதற்குப் பெரும்பாலும் கீழறைச் சுவர் தடித்து, உள்ளே ரத்தம் நிரம்ப இடம் குறைந்துவிடுகிறது. மெய்ன் கூன், ராக்டால் இனங்களில் இதற்கான மரபணுப் பிறழ்வு கண்டறியப்பட்டிருக்கிறது. கலப்பினப் பூனைகளுக்கும் இது தாராளமாக வருகிறது. மர்மர் கேட்காமலேயே நோய் முற்றியிருக்கலாம், எக்கோதான் உறுதிப்படுத்தும். வயதான பூனை என்றால் தைராய்டையும் ரத்த அழுத்தத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவை கூடினாலும் சுவர் தடிக்கும்.

உணவில், இறைச்சியிலிருந்து கிடைக்கும் டாரின் என்ற அமினோ அமிலம் குறைந்தால் பூனையின் இதயத் தசை தளர்ந்துவிடும் என்பது 1987இலேயே தெரியவந்தது. இன்றும் பூனைக்கு டாரின் சேர்க்காத சைவச் சாப்பாடு மட்டுமே போடுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

இதய நோயால் பெருத்துவிட்ட பூனையின் மேலறையில் ரத்தம் தேங்கி உறைந்தால், அந்தக் கட்டி பெருந்தமனி பின்னங்கால்களுக்குப் பிரியும் இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும். நன்றாக இருந்த பூனை திடீரென அலறி, பின்னங்கால்களை இழுத்துக்கொண்டு நகரும். பாதத்தைத் தொட்டால் சில்லென்றிருக்கும். உள்ளங்கால் வெளிறியோ நீலம் பாரித்தோ தெரியும். எங்கோ விழுந்து அடிபட்டிருக்கும் என்று தைலம் தடவிக்கொண்டிருக்காதீர்கள். வலியோ தாங்க முடியாதது. பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலும் அப்படித்தான்: அழுத்திப் பிடிக்காமல், கூடையோடு நேரே மருத்துவமனைக்குக் கொண்டுபோய், முதலில் ஆக்சிஜன் வைக்கச் சொல்லுங்கள். எக்ஸ்ரே பிறகு எடுத்துக்கொள்ளலாம்.