கடற்காற்றில் ஒரு ஷாட்கன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வடசென்னையிலிருந்து வந்தவை. தண்டையார்பேட்டையில் வளர்ந்தவன் என்பதால் எனக்கு அதில் தனி மகிழ்ச்சி. குத்துச்சண்டைக்கும் கேரத்துக்கும் கால்பந்துக்கும் பிள்ளைகளைக் கொடுத்த எங்கள் பகுதி, பறக்கும் தட்டை ஷாட்கன்னால் (ஒரே தோட்டாவிலிருந்து பல சிறு ஈயக் குண்டுகளை வீசும் துப்பாக்கி) சுடும் விளையாட்டுக்கும் ஆட்களைத் தர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

டிராப், ஸ்கீட் இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி போதுமா? எந்தக் கம்பெனி வாங்கலாம்? (பெரம்பூர்)

இரண்டுமே பறக்கும் தட்டைச் சுடும் போட்டி வகைகள். முதலில் இரண்டின் வேறுபாட்டைப் பார்ப்போம். டிராப்பில், உங்களுக்கு 15 மீட்டர் முன்னால் இருக்கும் பள்ளத்திலிருந்து தட்டு கிளம்பி உங்களை விட்டு விலகி ஓடுகிறது. நீங்கள் விசையை அழுத்தும்போது அது 30 மீட்டரைத் தாண்டியிருக்கும். எனவே ஈயக் குண்டுகள் சிதறாமல் நெருக்கமாகச் செல்ல வேண்டும். அதற்கு இறுக்கமான சோக் (குழல் நுனியில் உள்ள குறுக்கம்) வேண்டும். ஸ்கீட்டில் தட்டு உங்கள் முன்னால் குறுக்கே பறக்கிறது, தூரம் 20 மீட்டர் அளவுதான். அங்கே குண்டுகள் விரிந்து பரவினால்தான் நல்லது. டிராப்காரர்கள் 30 அல்லது 32 அங்குலக் குழலையும், ஸ்கீட்காரர்கள் 28 அல்லது 30 அங்குலத்தையும் விரும்புவது இதனால்தான். ஒன்றே ஒன்று வாங்குவதாக இருந்தால், குழல்கள் மேலும் கீழுமாக அமைந்த, சோக் மாற்றக்கூடிய 12 போர் (போர் என்பது குழலின் உள் அகல அளவு) துப்பாக்கியை 30 அங்குலத்தில் வாங்குங்கள்.

கம்பெனியைப் பற்றிக் கடைசியில் யோசியுங்கள். பெரெட்டா, பெராஸி, கிரீகாஃப் எல்லாமே நல்லவைதான். ஆனால் உங்கள் உடம்புக்குப் பொருந்தாத பெராஸியைவிடப் பொருந்திய சாதாரணத் துப்பாக்கி அதிகத் தட்டுகளை உடைக்கும். ரைஃபிளைப் போல ஷாட்கன்னுக்குப் பின்பக்கக் குறிகாட்டி கிடையாது. உங்கள் கண்தான் அது. கன்னம் கட்டையில் (தோளில் வைக்கும் மரப் பகுதி) பதியும் இடம் சற்று மாறினாலும் குண்டுகள் போகும் இடம் மாறிவிடும். எம்.சி. ரோட்டில் துணி எடுத்துத் தைக்கக் கொடுத்தால் தோள், கை, கழுத்து என்று அளவு கொடுக்கிறோம். லட்சக்கணக்கில் பணம் போடும் துப்பாக்கிக்கு அளவு பார்க்காமல் வாங்குகிறார்களே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

சோதனை எளிது. தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்து உறுதிசெய்துகொண்டு, கண்களை மூடியபடி துப்பாக்கியைத் தோளில் ஏற்றிக் கன்னத்தைப் பதியுங்கள். பிறகு கண்ணைத் திறங்கள். குழலின் மேல்பட்டை நேர்கோடாக ஓடி, நுனியில் குறிபார்க்க வைத்த சிறு உருண்டை மணி நடுவில் தெரிந்தால் பொருத்தம். பட்டை பக்கவாட்டில் சாய்ந்தோ, குழலின் பின்முனை பார்வையை மறைத்தோ இருந்தால் கட்டையைச் சரிசெய்ய வேண்டும்.

தாத்தாவின் பழைய பக்கவாட்டு இரட்டைக் குழல் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது. அதை வைத்துப் பழகலாமா? (ராயபுரம்)

முதல் கேள்வி உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்பது. தாத்தா காலமாகிவிட்டார் என்றால் அது இன்று உங்களுடையதும் அல்ல. காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு என்ற முறையில் விண்ணப்பியுங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

உரிமம் கைக்கு வந்த பிறகும் அவசரப்பட வேண்டாம். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறையின் நீளம் 65 மில்லிமீட்டர். இன்று கிடைக்கும் தோட்டாக்கள் பெரும்பாலும் 70 மில்லிமீட்டர். சுட்ட பிறகுதான் தோட்டாவின் வாய் விரியும் என்பதால் நீளமானதும் உள்ளே நுழைந்துவிடும். சுடும்போது விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழலில் பாம்புத்தோல் போலச் சுருள் சுருளாகக் கோலம் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல், அதாவது இரும்பையும் எஃகையும் முறுக்கி இணைத்துச் செய்த பழங்காலக் குழல். இன்றைய தோட்டாவை அதில் போடவே கூடாது. குழலைத் தனியாகக் கழற்றி விரலில் தொங்கவிட்டு நகத்தால் சுண்டுங்கள்: மணி போல ஒலித்தால் நல்லது, உடைந்த பானை போல ஒலித்தால் இரண்டு குழல்களையும் இணைக்கும் ஈயப்பற்று விட்டிருக்கலாம். எப்படியிருந்தாலும் ஒரு நாளைக்கு நூறு தோட்டா சுடும் விளையாட்டுக்கு அது ஏற்றதல்ல. தாத்தாவின் நினைவாகப் பாதுகாத்து வையுங்கள்.

காசிமேட்டில் கடலுக்கு அருகில் வீடு. எவ்வளவு துடைத்தாலும் குழலில் செம்பழுப்புப் புள்ளிகள் வருகின்றன. தேங்காய் எண்ணெய் போடலாமா?

போடாதீர்கள். மார்கழிக் காலையில் பாட்டிலில் தேங்காய் எண்ணெய் உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். 24 டிகிரி அளவிலேயே அது கெட்டியாகிவிடும். ஏசி அறையில் வைத்த துப்பாக்கியின் உள்பாகங்களிலும் அதுதான் நடக்கும். நாளாக ஆக எண்ணெய் பிசினாகித் தூசியைப் பிடித்து வைக்கும். துப்பாக்கி எண்ணெய் கிடைக்காத நாளில் தையல் மெஷின் எண்ணெய் போதும்.

நம் பகுதியில் இரும்புக்கு எதிரிகள் இரண்டு. ஒன்று கடற்காற்றின் உப்பு, மற்றொன்று நம் கை வியர்வை. உப்பு படிந்த இடம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன்மேல் வைத்துக்கொள்ளும். அதனால்தான் பார்வைக்குக் காய்ந்த குழலிலும் துரு வருகிறது. வெறும் எண்ணெயை அதன் மேல் பூசினால் உப்பு அடியிலேயே தங்கிவிடும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உலோகத்தைத் துடையுங்கள், காய்ந்த துணியால் ஒற்றியெடுங்கள், ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள், அதன் பிறகு எண்ணெய். மெல்லிய படலம் போதும். விரலால் தொட்டால் ரேகை தெரிய வேண்டும், வழியக் கூடாது.

குழலின் உள்ளே துடைக்கும் கோலைத் தோட்டா போடும் பக்கத்திலிருந்து விடுங்கள். வெண்கலக் கம்பித் தூரிகை ஈயத்தையும் பிளாஸ்டிக் படிவையும் எடுக்கும். குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் உள்சுவர் கண்ணாடி போல வளையம் வளையமாக மின்ன வேண்டும்; ஒரு வளையம் கோணலாகத் தெரிந்தால் அங்கே நசுங்கல் இருக்கிறது. குழல் மடியும் கீலுக்குக் கிரீஸ், மற்ற இடங்களுக்கு எண்ணெய்.

சோக்குகளைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். ஒரு ஐப்பசியில் நானும் மறந்தேன். இரண்டு மாதம் கழற்றாமல் விட்ட சோக் குழலோடு ஒட்டிப்போய், எண்ணெயில் ஊறவைத்து நான்கு நாள் கழித்துத்தான் அசைந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறை சுட்டு வந்ததும் கழற்றித் துடைத்து, மரையில் கிரீஸ் தடவித்தான் மாட்டுகிறேன்.

இன்னொன்று, பஞ்சு வைத்த பெட்டி பயணத்துக்கு மட்டும். அதற்குள்ளேயே பூட்டி வைத்தால் பஞ்சு ஈரத்தைக் குடித்துக் குழலுக்குக் கொடுக்கும். பூட்டுள்ள இரும்பு அலமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, குழல் கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்துங்கள். அப்போது மிஞ்சிய எண்ணெய் மரக்கட்டைக்குள் இறங்கி அதை ஊறச் செய்யாது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் அலமாரிக்குள் எண்ணெய் கலந்த தண்ணீர் புகுந்தது. அப்போதிலிருந்து துப்பாக்கியைத் தொடவில்லை. இனி என்ன செய்வது? (மணலி)

மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், மணலிப் பக்கம் பட்ட பாடு எனக்குத் தெரியும். இனி அதைச் சுட்டுப் பார்க்க வேண்டாம். தோட்டா இல்லையென்று உறுதிசெய்துகொண்டு நேராக ஆயுதம் பழுதுபார்க்க உரிமம் பெற்றவரிடம் கொண்டுபோங்கள். கட்டையைக் கழற்றினால்தான் உள்ளே சுருள்வில்லும் அடிக்கும் ஊசியும் என்ன நிலையில் இருக்கின்றன என்று தெரியும். அடுத்த மழைக்கு ஒன்றை நினைவில் வையுங்கள்: நனைந்த அன்றே நல்ல தண்ணீரில் அலசி, மரத்தை வெயிலில் வைக்காமல் நிழலில் உலர்த்த வேண்டும். நனைந்த தோட்டாக்களை உலர்த்திப் பயன்படுத்தவே கூடாது. அலமாரியை மாடிக்கு மாற்றுங்கள்.

என் மகளுக்கு 14 வயது. இந்த விளையாட்டில் சேர்க்கலாமா? தோள் தாங்குமா? (திருவொற்றியூர்)

தாராளமாகச் சேருங்கள் அம்மா. பொதுவாக 21 வயது நிறையாதவருக்கு உரிமம் கிடையாது, ஆனால் விதிகளுக்கு உட்பட்டு மேற்பார்வையோடு பயிற்சி பெற வழி இருக்கிறது, கிளப்பில் கேளுங்கள். தோளைப் பொறுத்தவரை, எடை குறைந்த துப்பாக்கி பிள்ளைக்கு நல்லது என்று நினைக்காதீர்கள். எடை குறையக் குறைய உதை கூடும். கட்டையின் நீளம் அவள் கைக்கு ஏற்றதாகவும், தோட்டாவில் ஈயம் 24 கிராமுக்கு மேல் போகாமலும் இருந்தால் தாங்குவாள். சர்வதேசப் போட்டிகளிலும் 24 கிராம்தான் உச்ச அளவு. காதுக் கவசமும் கண்ணாடியும் முதல் நாளிலிருந்தே வேண்டும். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் தின்னக் கூடாது, ஈயம் விஷம்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மகேஸ்வரி சௌஹானும் அனந்த்ஜீத் சிங் நரூகாவும் கலப்பு ஸ்கீட்டில் ஒரே ஒரு தட்டு வித்தியாசத்தில் வெண்கலத்தைத் தவறவிட்டார்கள். அதே ஒலிம்பிக்கில் டிராப் சுட்ட பிரித்விராஜ் தொண்டைமான் நம் புதுக்கோட்டைக்காரர். மகளிடம் இரண்டையும் சொல்லுங்கள்.

12 போரோடு 20 போர் தோட்டாவையும் ஒரே பையில் வைக்கலாமா? (கொருக்குப்பேட்டை)

கூடாது. 20 போர் தோட்டா அளவில் சிறியது, அதனால் 12 போர் குழலுக்குள் வழுக்கிக்கொண்டு போய்ச் சற்றுத் தள்ளி மாட்டி நிற்கும். பின்னால் பார்த்தால் அறை காலியாகத் தெரியும். அடுத்து 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல், உங்கள் இடது கை இருக்கும் இடத்திலேயே வெடிக்கும். 20 போர் தோட்டாக்களுக்கு மஞ்சள் நிறம் கொடுப்பது இதற்காகத்தான். சுட்டபோது சத்தம் மந்தமாக வந்தாலும் நிறுத்துங்கள், குழலுக்குள் ஏதாவது அடைத்து நின்றிருக்கலாம். துப்பாக்கியைத் திறந்து, தோட்டாக்களை எடுத்துவிட்டு, குழலின் அடுத்த முனையில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததைப் போடுங்கள்.