புதிய டி.ஓ. கல்லூரியில் மகளுக்கு இடம்: வீட்டின் மேல் கடன் வாங்கலாமா?

கேள்வி: டாலஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். எனக்கு 52 வயது, ஐ.டி. வேலை. 2026 ஆகஸ்டில் சேர மகளுக்கு வேறு மாநிலத்தில் ஒரு ஆஸ்டியோபதி (டி.ஓ.) மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. தொடங்கி இரண்டு வருஷம்தான் ஆகிறது. ஒரு பேட்ச்கூட இன்னும் வெளியே வரவில்லை. கட்டணம் வருஷத்துக்கு 60,000 டாலர், தங்கும் செலவு 30,000. 529 கல்விச் சேமிப்புக் கணக்கில் 70,000 இருக்கிறது. மாதம் 2,000 மிச்சம் பிடிக்கிறேன். மீதிக்கு வீட்டின் மேல் கடன் வாங்கலாமா, ஓய்வுக்காலச் சேமிப்பான 401(கே)-யை எடுக்கலாமா? இல்லை, ஒரு வருஷம் பொறுத்து இங்கே வழக்கமான மருத்துவப் பட்டமான எம்.டி. தரும் கல்லூரிக்கு மறுபடி முயலச் சொல்லட்டுமா? அவளுக்குக் குழந்தை மருத்துவத்தில்தான் ஆசை. மதுரை மாமா வேறு, "டி.ஓ.ன்னா கண் டாக்டர் டிப்ளமோ இல்லையா?" என்கிறார்.

பதில்: மாமாவைக் குறை சொல்ல முடியாது. நம்மூர் போர்டுகளில் பெயருக்குப் பின்னால் டி.ஓ. என்று இருந்தால் கண் மருத்துவ டிப்ளமோதான். அமெரிக்க டி.ஓ. வேறு. 1892-இல் மிசௌரியின் கிர்க்ஸ்வில்லில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கிய கல்லூரியின் வழி வந்தது. ஐம்பது மாநிலங்களிலும் முழு மருத்துவர். 2020 முதல், பட்டத்துக்குப் பிந்தைய மருத்துவமனைப் பயிற்சியான ரெசிடென்சிக்கும் எம்.டி.களோடு ஒரே அங்கீகார முறைதான். ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் 2025 மேட்ச்சில் இறுதியாண்டு எம்.டி. மாணவர்களில் 93.5%, டி.ஓ.வில் 92.6% பேருக்கு இடம் கிடைத்தது. தோல் மருத்துவம், எலும்பு அறுவை சிகிச்சை என்று உங்கள் மகள் சொல்லியிருந்தால் என் பதிலே வேறு. குழந்தை மருத்துவத்துக்கு டி.ஓ. பட்டம் தடையில்லை. ஆனால் டாக்டர்களில் சம்பளம் குறைந்த துறைகளில் அதுவும் ஒன்று. கல்லூரியின் பெயரைவிட கடன்தான் அவளை அதிகம் அழுத்தும்.

நான்கு வருஷத்துக்கு 3,60,000. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு கிராட் பிளஸ் என்ற மேற்படிப்பு அரசுக் கடன் கிடையாது. மருத்துவ மாணவருக்கு அரசுக் கடன் வருஷத்துக்கு 50,000, மொத்தம் 2,00,000 வரைதான். மீதி 1,60,000 உங்கள் தலையில்.

கடனில் ரகம் பார்க்க வேண்டும். அரசுக் கடன் வட்டி ஒன்றும் குறைவில்லை, 2025-26-இல் 7.94%. ஆனால் ரெசிடென்சியில் 65,000 சம்பளம் என்றால், வருமானத்துக்கேற்பக் கட்டும் புதிய ஆர்.ஏ.பி. திட்டத்தில் மாதத் தவணை சுமார் 325தான். அது போக நிற்கும் வட்டியைத் தள்ளிவிடுகிறார்கள். லாபநோக்கற்ற மருத்துவமனையில் ரெசிடென்சியையும் சேர்த்துப் பத்து வருஷம், அதாவது 120 தவணை, கட்டினால் மீதிக் கடனே தள்ளுபடி. குழந்தைகள் மருத்துவமனைகளில் பெரும்பாலானவை அந்த ரகம்தான். தனியார் கடனுக்கும் வீட்டின் மேல் வாங்கும் கடனுக்கும் இந்தச் சலுகை எதுவும் இல்லை.

அதனால் அரசுக் கடனை முழுதாக எடுக்கட்டும். 529-இல் உள்ள 70,000 போக 90,000 குறைகிறது. உங்கள் மிச்சத்தில் மாதம் 1,500 கொடுத்தால் 48 மாதத்தில் 72,000. பாக்கி 18,000க்கு தனியார் கடனில் நீங்கள் இணைக் கையெழுத்துப் போடலாம். வீட்டைத் தொட வேண்டாம். 401(கே)-யை 59½ வயதுக்கு முன் எடுத்தால் வருமான வரியோடு 10% அபராதமும் போகும்.

இந்தக் கணக்கு நான்கே வருஷத்தில் முடிந்தால்தான். கல்லூரி புதிது என்பது இங்கேதான் உறுத்துகிறது. முதல் பேட்ச் பட்டம் வாங்கும்வரை அதற்கு இருப்பது முன்-அங்கீகாரம்தான். நடுவில் கடையைக் கட்டினால் மாணவர்களைக் கரைசேர்க்க ஒரு தொகையை அங்கீகாரக் குழுவான கோகா தனியே ஒதுக்கி வைக்கச் சொல்கிறது; அந்தப் பயம் எனக்குக் குறைவு. மூன்றாம் வருஷ ரொட்டேஷன்தான், அதாவது மருத்துவமனைகளில் துறை துறையாக மாறிப் பெறும் பயிற்சிதான் பயம். இப்படியொரு கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருப்பது அபூர்வம். என்னிடம் வரும் ஒரு தம்பதியின் பெண்ணை ஒரே வருஷத்தில் மூன்று ஊருக்கு அனுப்பினார்கள். ரைஸ் குக்கரும் இரண்டு பெட்டியும் கார் டிக்கியிலேயே குடியிருந்தன. ஒரு ஊரில் வாடகை ஒப்பந்தம் முடியுமுன் அடுத்த ஊரில் முன்பணம். வருஷக் கடைசியில் கிரெடிட் கார்டு பாக்கி மட்டும் 11,000. இதற்காகவே உங்கள் 2,000-இல் 500-ஐத் தொடாமல் விட்டிருக்கிறேன்.

முன்பணம் கட்டுமுன் மின்னஞ்சலில் மூன்று கேள்வி கேளுங்கள், பதில் எழுத்தில் வரட்டும். அரசுக் கடன் இன்றே உங்கள் மாணவர்களுக்குக் கிடைக்கிறதா? குழந்தை மருத்துவ ரொட்டேஷன் எந்த மருத்துவமனையில், அங்கே ரெசிடென்சி இருக்கிறதா? எத்தனை முறை ஊர் மாற வேண்டும்? முதலாவதற்கு "விண்ணப்பித்திருக்கிறோம்" என்று வந்தால் அன்றே விலகிவிடுங்கள். அந்த 2,00,000-உம் தனியார் கடனாகிவிடும்.

ஒரு வருஷம் காத்திருப்பதா? எம்.டி. என்ற இரண்டு எழுத்துக்காக மட்டும் என்றால் வேண்டாம். இழப்பது கடைசியில் வரவேண்டிய ஒரு முழு வருஷ டாக்டர் சம்பளம். ஆனால் நீங்கள் டெக்சஸ்வாசி. ஃபோர்ட் வொர்த்தில் 1970-இல் தொடங்கிய அரசு ஆஸ்டியோபதி கல்லூரியில் உள்ளூர் மாணவர் கட்டணம், நீங்கள் சொன்ன 60,000-இல் பாதிகூட வராது. கடன் தொகையே அங்கே பாதிக்குக் குறைந்துவிடும். கல்லூரி மழுப்பினால் அப்போது அங்கே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். தெளிவாகப் பதில் வந்தால், இந்த ஆகஸ்டிலேயே சேரட்டும்.