மனைவியோடு லண்டன் திரும்பினால் அரச உதவி கிடைக்குமா?

கேள்வி: எனக்கு வயது 43. லண்டனில் 15 வருடம் இருந்தேன், 2012இல் பிரித்தானியக் குடியுரிமை கிடைத்தது. அம்மாவைப் பார்க்க 2019இல் யாழ்ப்பாணம் வந்து, இங்கேயே திருமணம் செய்தேன். மூன்று வயதில் மகள் இருக்கிறாள். அம்மா போன வருடம் காலமாகிவிட்டார். மூவருமாக லண்டன் திரும்பி, போனதும் யூனிவர்சல் கிரெடிட் என்ற மாதாந்த அரச உதவிக்குப் போடலாமா? மனைவி இலங்கைப் பிரஜை. நான் உதவி எடுத்தால் அவருடைய விசா கெட்டுவிடுமா? அம்மா என் பேரில் எழுதிய காணி ஒன்றும் இருக்கிறது.

பதில்: தம்பி, மூவரும் ஒன்றாக விமானம் ஏறுவதைத்தான் முதலில் யோசிக்க வேண்டும். மகளுக்குத் தடையில்லை. நீங்கள் குடியுரிமை பெற்ற பிறகு பிறந்தவள் என்பதால் அவளும் பிரித்தானியப் பிரஜையே, பாஸ்போர்ட் எடுத்தால் போதும். மனைவிக்கு விசா வேண்டும். 2024 ஏப்ரல் 11 முதல் அதற்கு வருட வருமானம் 29,000 பவுண் காட்ட வேண்டியிருக்கிறது. யூனிவர்சல் கிரெடிட் காசு அந்தக் கணக்கில் சேராது. சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண் தேவை. அதனால் என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் முன்னால் தனியே போய், வேலையில் சேர்ந்து, ஆறு மாதச் சம்பளத் துண்டுகள் கைக்கு வந்த பிறகே மனைவிக்கு விண்ணப்பிக்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு இருக்கும் ஆறு மாதம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவசரப்பட்டு விண்ணப்பித்து விசா மறுக்கப்பட்டால், பிரிவு அதைவிட நீளும்.

நீங்கள் தனியே போய் இறங்கினாலும் உதவி உடனே கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பிரித்தானியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரிடமும் ‘வழமையாக வசிக்கும் இடம் எது’ என்று சோதிப்பார்கள். சட்டத்தில் இத்தனை நாள் என்ற கணக்கு இல்லை. நடைமுறையில் ஒன்று முதல் மூன்று மாதம் வரை இழுக்கும். 1999இல் நெஸ்ஸா என்பவரின் வழக்கில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை இதைப் பேசியது: புதிதாக வருபவர் கொஞ்சக் காலம் வாழ்ந்து காட்ட வேண்டும், ஆனால் முன்பு அங்கே வாழ்ந்து திரும்பி வருபவருக்கு முதல் நாளிலிருந்தே அந்தத் தகுதி இருக்கலாம். உங்கள் 15 வருடத்தை அங்கே அழுத்திச் சொல்லுங்கள்.

வாயால் சொன்னால் மட்டும் காணாது. நான் உதவிய ஒருவர் நேர்காணலுக்கு ஒரு பிளாஸ்டிக் கோப்பு கொண்டுபோனார். ஒருவழி விமான டிக்கெட், சாவகச்சேரியில் மோட்டார் சைக்கிளை விற்ற துண்டு, குடும்ப வைத்தியரிடம் பதிந்த கடிதம், வருடச் சம்பளத்தையும் வரியையும் காட்டும் பழைய பி60 தாள்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. மோட்டார் சைக்கிள் துண்டைத்தான் அதிகாரி இரண்டு தரம் திருப்பிப் பார்த்தாராம். ஊரில் இருந்ததை முடித்துக்கொண்டு வந்தவர் என்பதை அது காட்டிவிட்டது. மறுத்தால் ஒரு மாதத்துக்குள் மீள்பரிசீலனை கேளுங்கள், கூடவே புதிதாக இன்னொரு விண்ணப்பமும் போடுங்கள். ஒப்புக்கொண்டாலும் முதல் கொடுப்பனவுக்கு ஐந்து வாரம் ஆகும். இடையில் தரும் முற்பணம் கடன்தான், பின்னால் கழிப்பார்கள். ஆகவே மூன்று மாதச் செலவுக்குக் கையில் காசோடு போங்கள்.

இனி மனைவியின் விசா. அதில் ‘பொது நிதி பெற முடியாது’, அதாவது யூனிவர்சல் கிரெடிட் போன்ற அரச உதவி எடுக்க முடியாது என்ற நிபந்தனை இருக்கும். அது அவருக்குத்தான், உங்களுக்கு இல்லை. அவர் வந்த பிறகும் நீங்கள் தனி ஆளாகவே யூனிவர்சல் கிரெடிட் பெறலாம், அவருடைய விசா கெடாது. அவருக்கான பங்கு மட்டும் கிடைக்காது: 2025-26 கணக்கில் தம்பதிக்கு மாதம் 628.10 பவுண், உங்களுக்கோ 400.14. மகள் உங்களோடு வந்து சேர்ந்ததும் அவளுக்கான தொகை கூடும். பிள்ளைக் கொடுப்பனவையும் உங்கள் பேரிலேயே கேளுங்கள்.

ஆனால் தனி ஆள் கணக்கு என்பதற்காக மனைவியை மறைக்கக் கூடாது. அவர் வீட்டில் இருப்பதையும் விசா நிபந்தனையையும் முதலிலேயே சொல்லுங்கள். அவர் உழைத்தால் அந்தச் சம்பளமும் உங்கள் கணக்கில் பார்க்கப்படும். தனியாக இருந்தபோது கவுன்சில் வரியில் (வீட்டுக்காக உள்ளூராட்சி சபைக்குக் கட்டும் வரி) கிடைத்த 25 சதவீதக் கழிவையும் அவர் வந்த அன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மறைத்து வாங்கியதைப் பிறகு முழுதாகத் திருப்பிக் கேட்பார்கள். அப்போது தவணை கட்டித் தவிக்கும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

காணி விஷயத்தை எழுதியதற்கு நன்றி, இதை நம்மவர்கள் பலர் சொல்வதே இல்லை. ஊரில் இருக்கும் காணியும் உங்கள் சொத்துக் கணக்கில் வரும். காணி, சேமிப்பு எல்லாம் சேர்ந்து 16,000 பவுணைத் தாண்டினால் யூனிவர்சல் கிரெடிட் கிடையாது. 6,000க்கு மேல் ஒவ்வொரு 250 பவுணுக்கும் மாதம் 4.35 வெட்டுவார்கள். உதவி பெறுவதற்காக அதைத் தங்கை பேருக்கு மாற்றினால், இன்னும் உங்களிடமே இருப்பதாக எடுத்துக்கொள்ள அவர்களுக்கு அதிகாரம் உண்டு. யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட முன் ஒரு மதிப்பீட்டாளரைக் கொண்டு காணியின் இன்றைய பெறுமதியை எழுத்தில் வாங்குங்கள். அதையும் காணி உறுதிப் பத்திரத்தின் பிரதியையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு அந்தக் கோப்பிலேயே வையுங்கள்.