தச்சர் மகள் இன்டீரியர் டிசைன் படிக்கலாமா?

கேள்வி: 25 வருடமாக மர வேலை செய்கிறேன். மகள் பிளஸ் 1, காமர்ஸ் குரூப். இன்டீரியர் டிசைனில் டிகிரிதான் படிப்பேன் என்கிறாள். நான் தினமும் செய்கிற வேலையைக் கற்றுக்கொள்ள நாலு வருடமும் லட்சக்கணக்கில் பணமும் எதற்கு? ஆறு மாத கோர்ஸே போதும் என்கிறான் மச்சினன். படித்தால் வேலை கிடைக்குமா? பெண்பிள்ளை சைட் சைட்டாக அலைய வேண்டியிருக்குமா?
- ஒரு தந்தை, விருதுநகர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், அலைய வேண்டியிருக்கும். சைட்டுக்கே வராதவர் கொடுத்த வரைபடத்தை நம்பி நீங்கள் ஒரு பலகையையாவது அறுப்பீர்களா?

படிப்பு முடித்து நான் செய்த முதல் வீட்டில், படுக்கையறைப் பரணுக்குக் கதவு வரைந்து கொடுத்தேன். நீளம், அகலம் எல்லாம் சரியாக இருந்தது. வேலைக்கு வந்த ஆசாரி காகிதத்தைப் பார்த்தார், அண்ணாந்து கூரையைப் பார்த்தார். "கதவத் தெறந்தா ஃபேன் றெக்கையில தட்டுமேம்மா" என்றார். என் வரைபடத்தில் ஃபேனே இல்லை. சுவரை மட்டும் அளந்திருந்தேன், அறையை அளக்கவில்லை. அந்தக் கண் எனக்கு வர இரண்டு வருடம் ஆனது. ரசமட்டமும் மூலைமட்டமும் கிடக்கிற வீட்டில் வளர்ந்த உங்கள் மகளுக்கு அதில் பாதி இப்போதே இருக்கும். '18 எம்எம் பிளை' என்றால் எவ்வளவு கனம் என்று அவள் விரலுக்கே தெரியும். வகுப்பில் பலருக்கு அது வெறும் எண்.

அப்படியானால் நாலு வருடம் எதற்கு என்பீர்கள். ஒரு சமையல் மேடையை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாக 34 அங்குல உயரம் வைக்கிறோம். அந்த வீட்டில் சமைக்கும் அம்மா நாலடி பத்து அங்குலம் இருந்தால்? அவர் நின்றால் முழங்கை ஏறக்குறைய 36 அங்குலத்தில் இருக்கும். மேடை அதைவிட நாலைந்து அங்குலமாவது கீழே இருந்தால்தான் தோளைத் தூக்காமல் காய் நறுக்க முடியும். 31 அங்குலம் வைத்தால் அந்த அம்மாவுக்குத் தோள்வலி இருக்காது. டிகிரியில் உடம்பை இப்படி அளக்கத்தான் முதலில் சொல்லித் தருவார்கள். சக்கர நாற்காலி தாராளமாக நுழைய 900 மில்லிமீட்டர் திறப்பு வேண்டும். நம் அடுக்குமாடிகளில் குளியலறைக் கதவு பெரும்பாலும் இரண்டரை அடிதான். பக்கவாதம் வந்த ஒரு பெரியவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு அந்தக் கதவில் நுழைய முடியாமல் திணறியதைப் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம் இந்த வேலையை 'அலங்காரம்' என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது.

இதோடு வெளிச்சம், ஒலி, மின்சாரம், தீ விபத்தில் வெளியேறும் வழி, செலவுக் கணக்கு எல்லாம் சேர்ந்ததுதான் படிப்பு. சிங்க் அடியில் தண்ணீர் தாங்கும் 710 ரகப் பிளைவுட் போடாமல் சாதாரண 303 ரகம் போட்டால் சீக்கிரமே ஊதிவிடும் என்பது உங்களுக்கு அனுபவத்தில் தெரியும். நூறு கதவுள்ள ஒரு ஆஸ்பத்திரிக்கு அதையே எழுத்தில் குறிப்பிட்டு, விலை போட்டு, சைட்டில் வந்து இறங்குவது அந்தச் சரக்குதானா என்று பார்க்கவும் ஒருவர் வேண்டுமல்லவா?

ஆறு மாத கோர்ஸில் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் வரையும் ஆட்டோகேடும் ஸ்கெட்ச்அப்பும்தான். ஏற்கெனவே தொழிலில் இருப்பவருக்கு அது நல்லது, மாடுலர் கிச்சன் ஷோரூமில் வேலையும் கிடைக்கும். பதினேழு வயதுப் பெண்ணுக்கு அதோடு நிறுத்த வேண்டாம் என்பது என் கருத்து.

ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ளலாம். அதற்கு ஐந்து வருட பி.ஆர்க். டிகிரி வேண்டும், பிளஸ் 2-வில் கணிதமும் இயற்பியலும் வேண்டும் என்பதால் உங்கள் மகளுக்கு அந்த வழி இல்லை. இன்டீரியர் டிசைனருக்கு நம் நாட்டில் அப்படி லைசென்ஸ் எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டலாம். அதனாலேயே பெரிய நிறுவனங்கள் டிகிரியையும் செய்த வேலைகளையும் கேட்டுப் பார்க்கின்றன.

எங்கே படிப்பது? அகமதாபாத்தில் 1961-இல் தொடங்கிய நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைனில் (என்.ஐ.டி.) ஃபர்னிச்சரும் இன்டீரியரும் சேர்ந்த நாலு வருட பி.டெஸ். என்ற டிசைன் டிகிரி இருக்கிறது. காமர்ஸ் மாணவர்களும் நுழைவுத் தேர்வு எழுதலாம். முதல் கட்டத் தேர்வு வழக்கமாகப் பிளஸ் 2 பொதுத் தேர்வுக்கு முன்பே வந்துவிடும், ஆகவே விண்ணப்பத் தேதியை அவள் பிளஸ் 2 தொடங்கியதிலிருந்தே கவனியுங்கள். அதே ஊரில் செப்ட் பல்கலைக்கழகமும் இந்தப் பாடத்துக்குப் பேர் போனது. தமிழ்நாட்டிலேயே தனியார் கல்லூரிகள் நிறைய வந்துவிட்டன. சேர்க்கும் முன் நேரில் போய், "உங்கள் பட்டறையைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். இயந்திரத்தில் மரத்தூள் இருக்கிறதா, தூசி மட்டும் படிந்திருக்கிறதா என்று உங்களைவிட யாரால் கண்டுபிடிக்க முடியும்? எத்தனை நாள் சைட்டுக்கு அழைத்துப் போகிறார்கள், ஆசிரியர்கள் வெளியே வேலை செய்கிறார்களா என்பதையும் கேளுங்கள். கட்டணத்தோடு லேப்டாப், மாடல் செய்யும் சாமான் எல்லாம் தனிச்செலவு, அதையும் கணக்கில் வையுங்கள்.

வேலை வீடுகளோடு முடிவதில்லை. அலுவலகம், ஹோட்டல், ஆஸ்பத்திரி, கடை, கண்காட்சி அரங்கு, லைட்டிங், சினிமா செட் என்று பல பக்கம் போகலாம். ஆரம்பச் சம்பளம் குறைவுதான். முதல் இரண்டு மூன்று வருடம் ஐ.டி.க்குப் போன தோழிகளோடு ஒப்பிட்டால் அவளுக்கு வருத்தமாக இருக்கும். அதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

இந்த லீவில் ஒரு வாரம் அவளை உங்களோடு சைட்டுக்குக் கூட்டிப் போங்கள். அப்புறம் உங்கள் வீட்டுச் சமையலறையை நூல் கணக்கில் அளந்து, அவள் அம்மாவின் உயரத்துக்கு ஏற்றபடி புதிதாக வரையச் சொல்லுங்கள். நீங்கள் திருத்தங்கள் சொல்லுங்கள். கல்லூரி நேர்காணலுக்குப் போகும்போது, அந்தத் திருத்தங்களோடு அந்தக் காகிதத்தையே அவள் முதலில் எடுத்து வைக்கட்டும்.