கோபுரம் ஏன் பின்னால் சாய்கிறது?

வாசகர் கேள்வி – பதில்: பயணப் படங்கள்

கேள்வி: போகும் ஊர்களிலெல்லாம் பூங்கா மணிக்கூட்டுக் கோபுரத்தைப் போனில் எடுக்கிறேன். எல்லாம் பின்னால் விழப்போவது போலவே வருகின்றன. போன் பழசு என்பதாலா?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: போனில் பிழையில்லை. உச்சி அகப்படவில்லை என்று போனை மேல்நோக்கிச் சாய்க்கிறீர்கள். அப்படிச் சாய்த்தால் கோபுரத்தின் இரு விளிம்புகளும் மேலே போகப் போக ஒன்றையொன்று நெருங்கும்.

போனைச் சுவரில் ஒட்டியது போல நிமிர்த்திப் பிடியுங்கள். விளிம்புகள் நேராக நிற்கும். ஆனால் அடிவானம் படத்தின் நடுவுக்கு வந்துவிடும், முழுக் கோபுரமும் மேல் பாதிக்குள் அடங்கியாக வேண்டும். அதற்கு நீங்கள்தான் பின்னால் போக வேண்டும். போனின் வழமையான 1x லென்ஸுக்குக் கோபுர உயரத்தின் ஒன்றரை மடங்கு தூரம் போதும். உச்சிக்கு மேல் கொஞ்சம் வானமும் வேண்டுமென்றால் 2 மடங்கு. 15 மீற்றர் கோபுரத்துக்கு 30 மீற்றர், அதாவது சுமார் நாற்பது எட்டு. முழுச்சட்டகக் கமெராவில் (பழைய 35 மி.மீ. பிலிம் அளவு உணரி உள்ளது) 50 மி.மீ. லென்ஸ் என்றால், கமெராவை நெடுக்காகப் பிடித்து 3 மடங்கு.

கீழ்ப் பாதி முழுக்க வெறும் நிலம்தானே என்பீர்கள். பூங்காவில் அது வெறும் நிலமல்ல. வாங்கு, புல், நடைபாதை, மாரி காலத்தில் தேங்கிய தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் கோபுரம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அந்தத் தண்ணீருக்காக முழங்கால் மண்ணில் பட்டாலும் பரவாயில்லை; போனைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறக்குங்கள். ஒன்றும் பிடிக்கவில்லையென்றால் கீழ்ப்பகுதியை வெட்டிவிடலாம்.

பின்னால் மதிலோ மரமோ மறித்தால் சாய்த்து எடுத்துவிட்டு ஸ்னாப்சீட் போன்ற செயலியில் நிமிர்த்தலாம். நிமிர்த்தும்போது இரண்டு பக்கமும் வெட்டுப்படும் என்பதால் எடுக்கும்போதே பக்கங்களில் தாராளமாக இடம் விடுங்கள். நூற்றுக்கு நூறு நிமிர்த்தாதீர்கள், தலை பெருத்த கோபுரமாகிவிடும்.

கேள்வி: மட்டக்களப்பில் மதியத்தில்தான் எனக்கு நேரம் கிடைக்கும். எந்தப் பக்கம் நின்று எடுப்பது?
– வாசகர், வாழைச்சேனை

பதில்: மாதத்தைப் பொறுத்தது. ஏப்ரல் 10 வாக்கிலும் செப்டெம்பர் 3 வாக்கிலும் நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் அது வடக்கே சாய்ந்திருப்பதால் கோபுரத்தின் வடக்கு முகத்தில் வெயில் படும். மற்ற மாதங்களில் தெற்கு முகத்தில். எப்படியானாலும் ஏப்ரல், செப்டெம்பர் நண்பகல் வேண்டாம்: மேலே நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பின் நிழல் மணிக்கூட்டு முகத்தின் மேல் கறுப்பாக இறங்கும். காலை ஏழரை மணிக்கு ஒரு நடை வர முடியாதா?

கேள்வி: இரவில் எடுத்தால் மணிக்கூட்டு முகம் வெள்ளைத் தட்டாகிவிடுகிறது. சிலவேளை கோடு கோடாகவும் விழுகிறது.
– வாசகர், கல்முனை

பதில்: வானம் கறுத்த பிறகு எடுப்பதால்தான் தட்டாகிறது. இருட்டான படத்தை வெளிச்சமாக்கப் பார்த்துப் போன் விளக்கெரியும் முகத்தை எரித்துவிடும். சூரியன் மறைந்து 15 முதல் 20 நிமிடத்துக்குள் எடுங்கள், அப்போது வானத்தில் நீலம் மிச்சமிருக்கும். நம் பக்கத்தில் அந்தி சட்டென்று முடியும், ஆகவே முன்னதாகவே போய் நில்லுங்கள். திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பூட்டி, வெளிச்சத்தை −1 அளவுக்குக் குறையுங்கள்.

கோடுகளுக்குக் காரணம் மின்விளக்கு. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், விளக்கு வினாடிக்கு 100 தடவை துடிக்கும். போன் கமெராவின் புரோ முறையில் (அளவுகளை நாமே வைக்கும் முறை) ஷட்டரை 1/50 அல்லது 1/100 வினாடியில் வையுங்கள். முக்காலியில் வைத்து நீண்ட நேரம் திறப்பதானால் 8 வினாடிக்கு மேல் வேண்டாம். சில கோபுரங்களில் நிமிட முள் நகராமல் குதிக்கும். குதிக்கும் நேரத்தில் ஷட்டர் திறந்திருந்தால் ஒரே முகத்தில் இரண்டு நிமிட முள் வரும்.