ரவைத் தட்டும் ரெட்டைக்கோடு நோட்டும்

அன்புள்ள டீச்சர்,

மகளுக்கு நாலு வயது, எல்கேஜி. தினமும் ரெட்டைக்கோடு நோட்டில் ஒரு பக்கம் ‘அ’ எழுதி வரச் சொல்கிறார்கள். பென்சிலை இறுக்கிப் பிடித்து முனையை ஒடிக்கிறாள், நாலாவது வரியில் அழுகை. தட்டில் ரவையைப் பரப்பி விரலால் எழுத வைக்கும் வீடியோ பார்த்தேன். ‘எங்க காலத்துல ஆசான் மணலிலதான் எழுத வச்சார்’ என்கிறார் மாமியார். வீட்டுக்காரரோ அதெல்லாம் விளையாட்டு என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

ஒரு வாசகி, தக்கலை

அன்புள்ள தங்கைக்கு,

நான் மாமியார் கட்சி. சென்னை எழும்பூரில் ராணுவ அனாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவந்தார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். வெள்ளைக்காரன் செய்தது என்றால் சிலர் சட்டென்று ஒத்துக்கொள்வார்கள்!

நாலு வயதில் மணிக்கட்டின் எட்டுச் சிறு எலும்புகளில் சில இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். அந்தக் கையிடம் போய் ஒரு பக்கம் கேட்டால் அழாமல் என்ன செய்யும்? அதிலும் ‘அ’. சுழி, வளைவு, குறுக்குக்கோடு, நிமிர்கோடு எல்லாம் ஒரே எழுத்தில். வரிசையில் முதலில் வருகிறது என்பதற்காகக் கையும் அதில்தான் தொடங்க வேண்டுமா? ‘ட’வில் தொடங்குங்கள். கீழே இறக்கி வலப்பக்கம் இழுத்தால் முடிந்தது. அதையே மேலே ஏற்றினால் ‘ப’.

ரவையை மெல்லிசாகப் பரப்புங்கள், தட்டின் நிறம் தெரிய வேண்டும். கனமாகப் போட்டால் விரல் போன தடம் சரிந்து மூடிவிடும். நீங்கள் முதலில் ‘ட’ என்று வாயால் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். அப்புறம் அவள் அதே தடத்தில், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்து, சத்தமாகச் சொல்லியபடி. மாண்டிசோரி அம்மையார் உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளைத் தடவ வைத்ததும் இந்த இரண்டு விரலால்தான். நீங்கள் பார்க்க வேண்டியது எழுத்தின் அழகை அல்ல. விரல் எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் போகிறது என்பதை. கீழிருந்து மேலே எழுதிப் பழகிவிட்டால் பிற்பாடு திருத்துவது பெரும்பாடு. புள்ளிகளைச் சேர்த்து எழுதும் தாள்களில் எனக்கு நம்பிக்கை இல்லாததும் இதனால்தான். பிள்ளை புள்ளியைத்தான் துரத்தும், எழுத்தின் ஓட்டம் கைக்கு வராது.

ரவைக்குப் பதில் மணல் என்றால் ஆற்றுமணல் எடுங்கள். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடல்மணல் வேண்டாம்; அதில் மோனசைட் என்கிற தாதுவும் அதனுள் தோரியம் என்கிற கதிரியக்கப் பொருளும் உண்டு. பிள்ளை வாயில் விரல் வைக்கும்.

விரலுக்குப் பலம் வேறு வேலைகளில் வரும். சப்பாத்தி மாவு உருட்டட்டும், புளியங்கொட்டை பொறுக்கட்டும், தோவாளைப் பிச்சிப்பூ வாங்கினால் எண்ணி எண்ணி எடுத்துத் தரட்டும். முதுகில் நீங்கள் எழுதி, என்ன எழுத்து என்று கேளுங்கள். அதற்குச் சிரிக்காத பிள்ளை கிடையாது. முழுப் பென்சிலுக்குப் பதில் ஒடிந்த சாக்பீஸ் துண்டைக் கொடுங்கள். துண்டு சின்னதாக இருந்தால் முஷ்டியால் பிடிக்க முடியாது, மூன்று விரல் தானாக வந்துவிடும்.

சரி, அந்த நோட்டை என்ன செய்வது? வகுப்பு டீச்சரை நேரில் பார்த்து, ஒரு பக்கத்துக்குப் பதில் ஒரு வரி போதுமா என்று கேளுங்கள். அனேகமாக ஒத்துக்கொள்வார், அவருக்கும் திருத்தும் வேலை குறையும். ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அவள் அழுகிற இடத்தில் நோட்டை மூடிவிடுங்கள். மீதி வரிகளை மட்டும் நீங்கள் எழுதி அனுப்பாதீர்கள், டீச்சர்மாருக்கு அம்மாக்களின் கையெழுத்து நன்றாகத் தெரியும்.